கறையான் அரித்த தூண்

பழைய அரண்மனை வீடு ஒன்றைப் புதுப்பிக்க ஆட்கள் வந்தார்கள். கூடத்து மரத்தூண் பயந்துபோனது. அதன் அடியைக் கறையான் தின்றிருந்தது. பெயிண்ட் பூச்சு அதை மறைத்திருந்தது.

"தெரிந்தால் என்னை விறகாக்கிவிடுவார்கள். காட்டிக் கொடுத்துவிடாதே," என்று கூரையில் கூடு கட்டியிருந்த அணிலிடம் கெஞ்சியது.

"மறைத்தால் கூரையே இறங்கிவிடும். என் குட்டிகள் அங்கேதான் இருக்கின்றன," என்ற அணில், தச்சரின் கண்ணெதிரே தூணின் அடியைப் பிறாண்டியது. மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது.

தூண் கண்ணை மூடிக்கொண்டது. தச்சர் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அங்கே புது மரத்தைப் பொருத்தினார்.

"அட, இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்!" என்று தூண் பெருமூச்சு விட்டது.

மேலிருந்த உத்திரம் மெல்லக் கேட்டது: "எனக்கு எப்போதோ தெரியும். உன்னை நோகடிக்க வேண்டாமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இனி உன்மேல் முழுசாகச் சாய்ந்துகொள்ளட்டுமா?"