கேஸ் வேன்காரர்

“பெட்ரோல்ல போட்டா பறக்குது நானா. கேஸுக்கு மாத்தினா ஹேவாஹெட்ட ஏத்தத்துல மூச்சு வாங்குது. ரெண்டு வளைவு தாண்டினதும் நின்னுருது.”

ராஜலிங்கம் சொல்லி முடிப்பதற்குள் தாஸிம் நானா வேனின் முன் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இஞ்ஜினுக்குள் தலையை விட்டுவிட்டார். குண்டசாலையில் அவருடைய கராஜும் வீடும் ஒரே வளவுக்குள்தான்.

வேனுக்கு ராஜலிங்கத்தின் மகளைவிட வயது கூட. விற்கப் போனால் இரும்புக்காரன்கூட யோசிப்பான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற மனிதருக்கு, பெட்ரோல் விற்கிற விலையில் கேஸ் ஓடினால்தான் அடுப்பெரியும்.

“பிளக் போன மாசம்தான் மாத்தின. பில்டரும் புதுசு. டேங்க்ல கேஸ் ஈக்குதானே?”

“நேத்துதான் அடிச்சேன் நானா. அதுக்குள்ள பாதி எங்க போச்சுன்னே தெரியல.”

ராஜலிங்கத்தின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வெட்டிவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

“யாரு, மகளா?”

“ம்.”

“புள்ள இன்டைக்குத்தானே குவைத்துக்குப் போற? எயார்போட்ல இருந்து எடுக்குது போல. பேசுங்கோ லிங்கம்.”

“பேச என்ன இருக்கு நானா? போயிட்டு வரட்டும். வராட்டியும் போகட்டும்.”

சொல்லிவிட்டாரே தவிர, கை சட்டைப்பையிலிருந்த ஃபோனை விடவில்லை. தாஸிம் நானா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் தேடினார். அவருக்குக் கதை தெரியும்.

போன வருஷம் ராஜலிங்கத்தின் மனைவி கலாராணி சமையலறையில் தீப்பிடித்து, கண்டி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து செத்துப்போனாள். காலையில் டீ போட்டுவிட்டு அடுப்பின் கேஸை மூட மறந்துவிட்டேன் என்று மகள் தர்ஷிகாவே பொலிஸிடம் தன் வாயால் சொன்னாள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒரு வீட்டில் இருந்தும் பேச்சில்லை. அவள் சோற்றைப் போட்டு வைப்பாள். இவர் தின்றுவிட்டுப் போவார்.

“கேஸ் வேன்காரன் மகள் அடுப்ப மூட மறக்கலாமா நானா? எங்க தோட்டத்துல எவன் வீட்டுல சிலிண்டர் மாட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. நான் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் பத்தவைப்பாங்க. கடைசியில என் வீட்டுலயே...”

“தெரிஞ்சா செஞ்சது? சின்னப் புள்ள.”

“பெத்தவள கொன்னவ நானா!”

ஃபோன் மறுபடியும் அடித்து ஓய்ந்தது.

“சரி, ஸ்டார்ட் பண்ணுங்கோ. கேஸுக்குப் போடுங்கோ.”

இஞ்ஜின் இருமியது, குலுங்கியது, அணையப் பார்த்தது. கேஸ் வரும் ரப்பர் குழாயில் தாஸிம் நானா சவர்க்கார நுரையைத் தடவிக்கொண்டே போனார். திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினார்.

“நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ! அனீஸா, உள்ள அடுப்ப நூருங்கோ, நெருப்பு ஈக்கப்படாது!”

“எப்பவோ நூத்தாச்சு!” என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அந்த வேன் வந்து நிக்கக்குள்ளயே ஊடெல்லாம் கேஸ் நாத்தம்!”

தாஸிம் நானா தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாயைக் காட்டினார். “வெடிச்சு ஈக்கு. இதுக்குள்ளால காத்துப் போகுது, அதுதான் ஏத்தத்துல வண்டி சாகுது. கேஸும் வெளிய வருது. அது சரி, இந்த நாத்தத்தோட எப்படி நீங்க புள்ளைகள ஏத்திட்டுத் திரிஞ்ச?”

“எந்த நாத்தம்?”

தாஸிம் நானா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ராஜலிங்கம் குனிந்தார். வெடிப்பில் மூக்கை வைத்து இழுத்தார். ஒன்றுமில்லை. நெஞ்சு நிறைய இன்னொரு தடவை இழுத்தார். அப்போதும் ஒன்றுமில்லை.

“கொரோனா வந்திச்சா ஒங்களுக்கு? எங்கட மச்சானுக்கும் இப்படித்தான். காச்சல் போச்சு, மூக்கு திரும்பி வரல்ல.”

ராஜலிங்கம் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கொரோனா அவருக்கு வந்து போனது கலாராணி சாவதற்கு முன்பு. தீப்பிடித்த அன்று மாலை சமையலறை வாசலில் கலாராணி நின்றது நினைவுக்கு வந்தது. “என்னங்க, கேஸ் வாசம் வருதே, கொஞ்சம் வந்து பாருங்க” என்றாள். போய், இதே மாதிரி குனிந்து முகர்ந்து பார்த்தார். “ஒன்னுமில்ல, பயப்படாம பத்தவை” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கேஸ் விஷயத்தில் அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் ஒத்துக்கொண்ட பிறகு, இதை நினைத்துப் பார்க்கவே அவர் விரும்பியதில்லை.

ஃபோன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

“அப்பா... ப்ளேன்ல ஏறச் சொல்றாங்க. ஒரு வார்த்தை...”

“தர்ஷி, எனக்கு வாசம் தெரியலம்மா. கேஸ் வாசம் எனக்குத் தெரியவே தெரியல.”

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

“நீங்க பார்த்துச் சரின்னு சொன்னதாலதான் பத்தவச்சேன்னு அம்மா ஆஸ்பத்திரியில சொன்னாங்கப்பா. அப்பா தாங்கமாட்டாரு, அவருக்குத் தெரியவே வேணாம்னு சத்தியம் வாங்கினாங்க. அன்னைக்கு நான் அடுப்பத் தொடவே இல்லப்பா.”