இரவல் லாம்பு

"கரண்ட் நிண்டிட்டுது!"

தில்லைநாதன் சொல்லி வாய் மூடவில்லை. அவனுடைய தாய் தங்கமுத்து வேலியடிக்குப் போய்விட்டா.

"எடி சின்னத்தங்கம், உன்ரை லாம்பை ஒருக்காத் தா. கரண்ட் வந்த உடனை தாறன்."

குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த மருமகள் தவமணிக்கு உடம்பு கூசியது.

பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் புருசனைப் பறிகொடுத்தவள். தோட்டங்களிலே கூலிக்கு வெங்காயம் கிண்டித்தான் அவளும் மகள் நாகேஸ்வரியும் சீவிக்கிறார்கள். அந்த வீட்டுக்குக் கரண்ட் இழுக்கவில்லை. இருப்பது ஒரேயொரு அரிக்கன் லாம்பு. அதையும் மாமி வாங்கி வந்தால் தாயும் மகளும் அடுப்பு வெளிச்சத்தில்தான் குந்தியிருக்க வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பெட்டைக்குப் பள்ளிக்கூடத்திலே சோதனை வேறு.

இங்கேயோ கூரை வளையில் இரண்டு லாம்பு தொங்குகின்றன. ஒன்றுக்குத் திரி இல்லை, மற்றதுக்குச் சிமிளிக் கண்ணாடி இல்லை.

"மாமி, எங்கடை லாம்பைத் திருத்துவமே?"

"பாப்பம் பிள்ளை."

எப்போது கேட்டாலும் இதே பதில். ஊரிலே ஆருக்கு என்னவென்றாலும் முதல் ஆளாக ஓடுகிற மாமி, ஒரு முழத் திரிக்கு இப்படிக் கை இறுக்குவாவோ?

கரண்ட் வந்ததும் லாம்பைத் திருப்பிக் கொடுக்கத் தவமணி எழும்பினாள்.

"நீ இரு, நான் குடுக்கிறன்" என்று மாமி அதைக் குசினி அடுப்படிக்குக் கொண்டுபோய், பிறகுதான் வேலியடிக்குப் போனா. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அங்காலே நாகேஸ்வரி உரத்துப் பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. 'பாவம், இவ்வளவு நேரமும் இருட்டுக்கை இருந்த பிள்ளை' என்று தவமணிக்கு மனம் சுட்டது.

அடுத்த நாளே அவள் சுன்னாகம் சந்தைக்குப் போகிற புருசனிடம் சொல்லித் திரியும் சிமிளியும் எடுப்பித்தாள். லாம்பின் வாயை அப்பச்சோடா போட்டு அவித்துக் கரி எடுத்தாள். திரியை நேராக வெட்டி, மூலை இரண்டையும் துளி நறுக்கினாள். இல்லாவிட்டால் சுவாலை கொம்பு விட்டுச் சிமிளியைக் கறுப்பாக்கிவிடும். சிமிளியைச் சாம்பலும் பேப்பரும் கொண்டு துடைத்தாள்.

பொழுதுபடக் கரண்ட் நின்றது. தவமணி லாம்பைக் கொளுத்தினாள். வீடு முழுக்க வெளிச்சம்.

"பாத்தியளே மாமி! இனி ஒருத்தரிட்டையும் போய் நிக்கத் தேவையில்லை."

"நல்ல வடிவா எரியுது பிள்ளை" என்றா மாமி. சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்த்தா.

"உங்கடை அம்மாவுக்கு இரவல் லாம்பிலைதான் கண் தெரியுமாக்கும்" என்று தவமணி புருசனிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு மூன்று நாள் அப்படியே போனது.

அன்றைக்கும் கரண்ட் நின்று, திரும்ப வந்தது. தவமணி குழந்தையைச் சேலை ஏணையில் ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னவோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. காது கொடுத்துப் பார்த்தாள். பாடம் படிக்கிற சத்தம் இல்லை. வேலிக்கு அங்காலே ஒரே இருட்டு.

"என்ன மாமி, பெட்டை இண்டைக்குப் படிக்கேல்லை?"

"லாம்பிலை எண்ணெய் முடிஞ்சுதாக்கும்."

"முந்தி ஒருநாளும் முடியேல்லையே?"

"முந்தி நாங்கள் இரவல் வாங்கினனாங்கள்."

தவமணி ஏணையை ஆட்டுகிறதை விட்டுவிட்டாள்.

"ஒருக்கா ஒரு போத்தல் எண்ணெய் குடுத்துப் பாத்தனான் பிள்ளை. போன கையோடை திரும்பி வந்திட்டுது. சும்மா தாறதைச் சின்னத்தங்கம் வாங்க மாட்டாள், ரோசக்காரி. ஆனால் இரவல் வாங்கின லாம்பை நிரப்பிக் குடுத்தால் வாங்கத்தானே வேணும்? அது ஊர் வழக்கம்."

"அப்ப எங்கடை லாம்பு ரண்டும்..."

"நான்தான் திருத்தாமல் விட்டனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் அவளைக் காணேக்கை உன்ரை முகம் காட்டிக் குடுத்திடும். உன்ரை முகம் அப்பிடி."

தவமணி ஏணைக் கயிற்றை மாமியின் கையில் கொடுத்தாள். பிறகு விறாந்தைக்கு ஓடினாள்.

டக்!

வீடு முழுக்க இருண்டது.

"ஆரது மெயின் சுவிச்சை நிப்பாட்டினது?" என்று உள்ளே இருந்து தில்லைநாதன் கத்தினான்.

"பேசாமல் இருங்கோ!"

இருட்டிலே தட்டுத் தடவி வேலியடிக்குப் போனாள்.

"சின்னத்தங்கமக்கா! எங்கடை வீட்டிலை மட்டும் திரும்பவும் கரண்ட் நிண்டிட்டுது. நான் திருத்தின லாம்பும் திரி உள்ளுக்கை விழுந்து கிடக்குது. உங்கடை லாம்பை ஒரு பத்து நிமிசம் தாங்கோவன்."

சின்னத்தங்கம் வேலிக்குக் கிட்ட வந்தாள்.

"லாம்பிலை ஒரு சொட்டு எண்ணெயும் இல்லையே பிள்ளை..."

"எண்ணெய் எங்களிட்டைக் கிடக்கு அக்கா. லாம்புதான் இல்லை!"