அழைப்பே வராத பேட்டை

"திருட்டு டீசலை லிட்டர் என்ன விலைக்குய்யா விக்கிற?"

ஆம்புலன்ஸின் பானெட் மேல் இருந்த பொரித்த மீனையும் வாழைப்பழ வறுவலையும் பார்த்தபடியே கேட்டார் கியாம்பாவ். மணிலாவை ஒட்டிய அந்த நகரத்தின் அவசர உதவி மையத்துக்கு அவர்தான் தலைவர். டிரைவர் நெஸ்டர் பேந்தப் பேந்த விழித்தான்.

"விக்கல சார். ஓட்டினேன்."

"அப்ப இந்த மீன் தானா நீந்தி வந்துச்சா?"

"அக்கம்பக்கத்துல பாசமா குடுக்கறாங்க சார்."

பாசமாம்! கியாம்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் எந்த மூலையிலிருந்து அவசர அழைப்புகள் அதிகம் வருகின்றன என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடித்த மேதை அவர். வரைபடத்தில் ஆற்றோரத்து இந்தப் பேட்டைதான் ரத்தச் சிவப்பாக இருந்தது. சந்து முனையிலேயே ஓர் ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அடுத்த மாதமே அழைப்புகள் அடியோடு நின்றன. பேட்டை பச்சையானது, மேயர் கையால் பதக்கமும் கிடைத்தது. வண்டியைக் கண்டு நோய்களே ஊரைவிட்டு ஓடிவிட்டன என்பதை மட்டும்தான் அவர் மேடையில் சொல்லவில்லை.

இப்போது வண்டியைப் பணக்காரர்கள் குடியிருப்புக்கு மாற்றச் சொல்கிறது கம்ப்யூட்டர். அங்கே நாய் தும்மினாலும் போன் வருகிறது.

"ஆறு மாசமா இங்கேருந்து ஒரு அழைப்புகூட இல்ல. டேங்க் மட்டும் எப்படிய்யா காலியாகுது?"

"சார், அது வந்து..."

"கதை வேணாம். யாராவது மையத்துக்குப் போன் பண்ணாங்களா, இல்லையா?"

"இல்ல சார்."

"சாவியக் குடு. வண்டியும் போகுது, உன் வேலையும் போகுது."

நெஸ்டர் கொடுத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் சந்திலிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே இரண்டு பேர் அவள் புருஷனைத் தூக்கி வந்தார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"நெஸ்டர் அண்ணே, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு! வண்டிய எடுங்க!"

நெஸ்டர் சாவிக்குக் கை நீட்டினான். கியாம்பாவ் கொடுக்கவில்லை. சட்டம் தெரிந்தவர் அல்லவா!

"முறைப்படி மையத்துக்குப் போன் பண்ணியாம்மா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணெதிர நிக்கிற வண்டிக்கு எவனாவது போன் பண்ணுவானாய்யா?"