நெற்றியில் பொட்டு வைத்த லேப்டாப்

புது டச் ஸ்கிரீன் லேப்டாப்பின் நெற்றியில் தமயந்தி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அங்கேதான் கேமரா இருந்தது.

"உன் கண்ணையே அடைச்சிட்டாங்களே!" என்று சிரித்தது பழைய மவுஸ்.

"பரவாயில்லண்ணே, தொட்டுத் தெரிஞ்சுக்கிறேன்" என்றது லேப்டாப்.

தமயந்திக்குத் தலைகால் புரியவில்லை. திரையைப் பின்னால் மடித்து, மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தேய்த்தாள். "லேசா தொட்டாலே போதும்டி, சொன்னபடி கேட்குது!" என்று தோழியிடம் போனில் பூரித்தாள்.

சில வாரம் கழித்து, ஒரு காலையில், லேப்டாப்பைத் திறக்க விரலை வைத்தாள்.

"அடையாளம் தெரியவில்லை" என்றது திரை.

துடைத்துவிட்டு வைத்தாள். அதே பதில். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு ரேகைகூட இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், யாரும் தொடாமலே, லேப்டாப் திறந்துகொண்டது.

மவுஸ் சட்டென்று பின்னால் நகர்ந்தது. "எப்படிம்மா திறந்தே?"

"அவங்க ரேகை இப்ப என்கிட்டதானே இருக்குண்ணே."