காலை நேரத்துக் கூலிங் கிளாஸ்

கிட்ட வந்து உட்காருங்க. நாலு பேர் காதில் தப்பாக விழுந்த சங்கதி இது. உங்க காதிலாவது சரியாக விழட்டும்.

எண்பதுகளில் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்க அடுக்குமாடிப் புளோக்கில் பிரிஜட் என்று ஒரு பெண் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. எப்போதும் நைட் ஷிஃப்ட்தான். காலையில் கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும்போது பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒரு கறுப்புக் கண்ணாடி.

"காலங்காத்தால என்ன ஸ்டைல் லா இது? சூட்டிங் முடிஞ்சு வர்றாளா?" என்றாள் கீழ்வீட்டு லட்சுமி.

எதிர்வீட்டு ஜைனப் அக்கா சிரிக்கவில்லை. அந்தம்மா கண்ணுக்குத் தப்பி எங்க புளோக்கில் பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

"ஸ்டைலும் இல்ல, ஒண்ணும் இல்ல. புருசன் கை வச்சிருக்கான். கண்ணு வீங்கியிருக்கும், மறைக்கிறா."

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. பிரிஜட்டின் கணவன் சூசைநாதனுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் பகல் வேலை. அவள் வந்து இறங்குகிற அதே ஸ்டாப்பில்தான் அவன் பஸ் ஏறுவான். அன்றைக்கு அவள் கண்ணாடியில் கை வைத்ததும் அவன் போட்ட அதட்டல் ஸ்டாப் முழுக்கக் கேட்டது.

"கழட்டாத! கழட்டினா தெரியும் சேதி!"

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

அவன் பஸ் போனதும் ஜைனப் அக்கா அவள் வழியை மறித்தார்.

"கழட்டு பிரிஜட். நான் பாக்கணும்."

"வேணாம்க்கா."

"பயப்படாத. அவன் போயிட்டான். நான் இருக்கேன்."

சொல்லிக்கொண்டே வெடுக்கென்று உருவிவிட்டார்.

காயமில்லை, வீக்கமில்லை. தூக்கம் கெட்டுச் சிவந்த இரண்டு கண்கள், அவ்வளவுதான். பிரிஜட் முகத்தைப் பொத்திக்கொண்டு புளோக்கின் தூண் நிழலுக்கு ஓடினாள்.

"குடுங்கக்கா! வெளிச்சம் படக்கூடாது!"

"என்ன புள்ள சொல்ற?"

"பகல்ல தூக்கமே இல்லாம கிடந்தேன்க்கா. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கும். லிஃப்ட்ல ஏறினா கதவு திறக்காதோன்னு பயம். படுத்தா, எந்திரிக்காமலே போயிடுவோமோன்னு பயம். டாக்டர்கிட்ட போனோம். மூளைக்குள்ள அரிசிமணி கணக்கா ஒண்ணு இருக்காம். இருட்டினா அதுல மெலடோனின்னு ஒண்ணு ஊறுமாம். அது ஊறினாத்தான் உடம்பு ராத்திரின்னு நம்புமாம். காலை வெளிச்சம் கண்ணுல பட்டா நின்னுடும். நான் படுக்கப் போற நேரம் பாத்து மூளை முழிச்சுக்குது. தூங்காத மூளை எதைப் பாத்தாலும் பயப்படுமாம். அதான் வீட்டுக்குப் போய் திரையை இழுத்துவிடுற வரைக்கும் இந்தக் கண்ணாடி."

"இப்பத் தூக்கம் வருதா?"

"வருதுக்கா. படபடப்பும் குறைஞ்சிருக்கு."

"அப்புறம் ஏன் கழட்டப் பாத்த?"

பிரிஜட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு ஓவர்டைம் முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் கிளம்பிடுறேன். ஞாயித்துக்கிழமை பூசையில ரெண்டு பேரும் தூங்கி விழுறோம். முகம் பாக்குறதே இந்த ஸ்டாப்புலதான், பஸ் வர்ற வரைக்கும். கண்ணாடிக்குள்ள அடுப்புக்கரியாத் தெரியுறாரு. சிரிக்கிறாரா, முறைக்கிறாரா, ஒண்ணும் புரியல. அவரை வெளிச்சத்துல ஒரு தடவை பாக்கணும்போல இருக்குக்கா. விட மாட்டேங்குறாரு. 'என் மூஞ்சி எங்கேயும் போயிடாது, உன் தூக்கம் போயிடும்'ங்கிறாரு."

ஜைனப் அக்கா கண்ணாடியை முந்தானையில் துடைத்து, அவள் முகத்தில் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை. வானத்தில் பொட்டு மேகமில்லை. ஜைனப் அக்கா தன் வீட்டுக்காரர் காதர் மைதீனின் பெரிய கறுப்புக் குடையோடு ஸ்டாப்புக்கு வந்தார்.

"மழையா வரப்போவுது?" என்றாள் லட்சுமி.

"வரும். நீ போய் மீன் வாங்கு."

பிரிஜட் வந்து இறங்கினாள். சூசைநாதன் பக்கத்தில் அவளை நிறுத்தி, ஜைனப் அக்கா குடையை விரித்தார். வெயில் வருகிற பக்கமாகச் சாய்த்து, இருவர் முகமும் நிழலுக்குள் அடங்கும்படி பிடித்தார்.

"தம்பி, இதுக்குள்ள இப்ப ராத்திரிதான். கழட்டச் சொல்லு."

சூசைநாதன் தயங்கினான். பிறகு அவன் கையாலேயே அவள் கண்ணாடியைக் கழற்றினான்.

"பஸ்ஸை நான் பாத்துக்கிறேன்" என்று ஜைனப் அக்கா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் செம்பவாங் பஸ் வந்தது.

நிற்க வேண்டாம், போ என்று கை காட்டினார்.