வேலுத்தாயா, வேலம்மாளா?

"வேலம்மாளாம், வேலம்மாள்! என் பெண்டாட்டி பேரு வேலுத்தாய். அதுல ஏன் கை வைக்கணும்?"

நல்லதம்பி போட்ட சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பேத்தி விழித்துக்கொண்டாள். எஸ்டேட் லயத்தின் ஒட்டு வீடுகளில் ஒன்றில் கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். சித்திரபுரம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மருமகள் மோனிஷா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ரெண்டும் முருகன் பேருதானே மாமா?"

"ரெண்டும் ஒண்ணுன்னா, உங்க மாமியார் பேரையே வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பதில்தான் வாய்விட்டுச் சொல்ல முடியாத பதில்.

முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே குடும்பத்து வழக்கம்தான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் மோனிஷா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மேல் லயத்தில் இன்னொரு வேலுத்தாய் இருக்கிறாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மோனிஷா மேடேறிப் போய்க் கதவைத் தட்டுவாள்.

இந்த இரண்டு வழக்கமும் கைகோத்து வந்தால் என்ன ஆகும்? பெற்றவள் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. கொஞ்சவும் முடியாது, திட்டவும் முடியாது. ஆயுசுக்கும் 'ஏ பாப்பா'தான்.

அதனால்தான் யோசித்து யோசித்து வேலம்மாளைப் பிடித்தாள். மாமனார் மனமும் கோணாது, தன் வாய்க்கும் பூட்டு விழாது என்று நினைத்தாள். காரணத்தைச் சொன்னால், 'செத்தவளுக்குக் கொடுக்குற மரியாதைகூடக் கசக்குதா?' என்பார்கள்.

கணவன் முனீஸ்வரன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். எந்தக் கொண்டை ஊசி வளைவுக்கும் அசராதவன். அப்பாவுக்கு முன்னால் மட்டும் வண்டி நகராது.

"விடு மோனி. ரெண்டும் ஒரே மாதிரிதானே?"

"நீங்க கூப்பிடுவீக. நான்?"

அவன் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான்.

நல்லதம்பி கடைசி ஆயுதத்தை எடுத்தார். வண்டன்மேட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் சிவசங்கரிக்குப் போன் போட்டு, மருமகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேரு சொல்றது அத்தை உரிமை," என்று அந்தப் பக்கம் வெடித்தாள் சிவசங்கரி. "அதுல வாய் வைக்க ஒருத்தருக்கும் பாத்தியதை இல்ல. நான் வந்து பாத்துக்கிறேன்!"

நல்லதம்பி சிரித்தார். மதினியின் வாயைப் பற்றி மோனிஷாவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரை அழவைத்த வாய் அது.

பேர் வைக்கும் நாளில் சிவசங்கரி மகளோடு வந்து இறங்கினாள். மகள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாட வாசலுக்கு ஓடினாள். சிவசங்கரி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன வெந்நீரா?" என்றாள். நாத்தனார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதுபோல நல்லதம்பி தலையாட்டினார்.

விளக்கேற்றினார்கள். மோனிஷா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா, எல்லார் முன்னாலயும் கேக்கேன். நான் காதுல சொல்றதுதான் பேரு. அப்புறம் யாரும் மாத்தப்படாது. சம்மதமா?" என்றாள் சிவசங்கரி.

"சம்மதம்!" நல்லதம்பி மீசையைத் தடவிக்கொண்டே மருமகளைப் பார்த்தார்.

சிவசங்கரி குனிந்தாள். குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மெல்லச் சொன்னாள். முதலில் கேட்டது மோனிஷாவுக்குத்தான். அவளால் நம்ப முடியவில்லை. மூன்றாவது தடவை சிவசங்கரி நிமிர்ந்து உட்கார்ந்து ஊருக்கே சொன்னாள்.

"வேலம்மாள்!"

நல்லதம்பியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. "அடியே! உங்கம்மா பேருடி!"

"விளக்கு முன்னால சம்மதம்னு சொன்னீகளா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா..."

"ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது." மோனிஷாவின் பக்கம் திரும்பினாள். "என்ன முழிக்க? கூப்பிடு உம் மகளை."

"வேலம்மா..."

"இதென்ன, கைமாத்துக் கேக்குற மாதிரி? சத்தமா!"

"வேலம்மா! ஏய் வேலம்மா! என் தங்கமே, வேலம்மா!" மோனிஷா சிரித்தாள், அழுதாள். கூப்பிட்டுத் தீரவில்லை அவளுக்கு. என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுப் பின்சி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"எனக்காகவா மதினி?" என்றாள் மோனிஷா.

"உனக்காக ஒண்ணுமில்ல." சிவசங்கரியின் குரல் இறங்கியது. "எம் மகளுக்கு எங்க மாமியார் பேரு. பன்னெண்டு வயசாச்சு அவளுக்கு. பெத்தவ வாயால இன்னும் ஒரு தடவைகூட நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். அன்று சம்பந்தியம்மாள் பெயரை வைத்தபோது முதலில் கை தட்டியவர் அவர்தான்.

சிவசங்கரி எழுந்து வாசலுக்குப் போனாள். "ஏலே தம்பி, இங்க கத்துனா வண்டன்மேட்டுக்குக் கேக்காதுல்ல?" என்றாள் முனீஸ்வரனிடம். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள்.

"முத்துப்பேச்சி!"

விளையாடிக்கொண்டிருந்த பெண் நின்றாள். கூப்பிட்டது யாரென்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சிவசங்கரி விடவில்லை. இன்னும் சத்தமாக, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.