உள்ளங்கை அளவு

மூன்றாவது கிளவுஸையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டியபோது கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“சார், அது கிளவுஸ். சட்டை இல்ல.”

தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு எதிலும் வெளிப்பக்கத்தின் மேல் நம்பிக்கை வராது. யோக்கியதை எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

சுவர்க் கடிகாரம் ஐந்து மணி ஐந்து நிமிடம் காட்டியது. ஐந்தரைக்கு மாத்திரை கம்பெனியின் கேட் திறக்கும். பேக்கிங் பிரிவிலிருந்து என் மனைவி வெளியே வருவாள். பத்து நிமிடத்தில் அவளுடைய பஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் நான் அங்கே நிற்க வேண்டும், கையில் கிளவுஸோடு.

இருவரும் என் பைக்கிலிருந்து விழுந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை.

திட்டவும் இல்லை. பஸ்ஸே வசதியாக இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். வாய் ஓயாமல் பேசுகிறவள் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

கடைக்காரர் ஒரு பழைய ஹேண்டில்பாரை மரக்கட்டையில் பொருத்தி மேசைமேல் வைத்திருந்தார். கிளவுஸை மாட்டிக்கொண்டு பிரேக் பிடித்துப் பார்ப்பதற்கு. அதை இரண்டு முறை என் பக்கம் தள்ளினார். இரண்டு முறையும் நான் தொடவில்லை.

முதல் ஜோடி தோல். விலைச்சீட்டைப் பார்த்ததும் என் கை தானாகப் பின்வாங்கிவிட்டது.

இரண்டாவது மலிவு. விரல் முட்டிகளின் மேல் ஆமை ஓடு போல பிளாஸ்டிக், பார்க்க ஜோர். உள்ளங்கையில் வெறும் லைனிங் துணி, அதிலும் ஒற்றைத் தையல். கீழே விழுகிறவர்கள் விரல் முட்டியையா ஊன்றுகிறார்கள்?

மூன்றாவது சுமாரான விலை. உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தடித்த பட்டை. இரட்டைத் தையல். நகத்தால் இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை.

இதுதான் என்று சொல்லி, பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து அளவைப் படித்தேன். உள்ளங்கைச் சுற்றளவு ஏழு அங்குலம்.

கடைக்காரர் சிரித்தே விட்டார்.

“கைய கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்க, அப்புறம் எதுக்கு சார் சீட்டு?”

எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் வந்திருந்தது. யாருக்கு அளவெடுத்தாலும் அரை அங்குலம் இளக்கம் சேர்த்துத்தான் எழுதுவேன். கை அப்படிப் பழகிவிட்டது. சீட்டில் இருக்கும் ஏழு, வெறும் ஏழா? இல்லை, ஆறரையோடு நான் சேர்த்த ஏழா? கிளவுஸ் தொளதொளவென்று இருந்தால் விழுகிற வேகத்தில் கழன்று போய்விடும். ரவிக்கையைப் போலப் பிறகு பிடித்துத் தைத்துக்கொள்ள முடியாது.

ஐந்து பத்து. பாக்கெட்டில் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என் வலது கையைப் பிடித்து இழுத்து ஏழாம் நம்பரை மாட்டினார். அது விரல் முட்டியோடு நின்றுவிட்டது.

“இது யாருக்கு சார்? வண்டி ஓட்டுறது யாரு?”

“ஓட்டுறது நான்தான்.”

அவர் கிளவுஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஹேண்டில்பாரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

விழுந்த அன்றைக்கு நான் கடைசிவரை ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன். என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்தவள்தான் இரண்டு உள்ளங்கைகளையும் ரோட்டில் ஊன்றினாள். இரண்டு மாதம் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். துணியில் என்னவெல்லாமோ செய்கிறவனுக்கு ஒரு சடை ஒழுங்காக வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது அவள் உள்ளங்கையைச் சுற்றி டேப்பை வைத்தேன். தழும்பில் டேப் பட்டதும் தூக்கத்திலேயே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணில் பட்ட எண்ணை அப்படியே எழுதிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆமாம், அப்படியேதான் எழுதினேன். இளக்கம் சேர்க்கிற நிதானம் அப்போது எனக்கு எங்கே இருந்தது? அது வெறும் ஏழு.

இதையே கட்டிக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் பையில் போடப் போனவர் நின்று, அந்தத் தடித்த பட்டையைத் தடவிப் பார்த்தார். குரலில் கேலி போயிருந்தது.

“அவங்க எதைப் பிடிச்சுட்டு உக்காருவாங்க? பின்னால இருக்கிற கம்பியையா?”

தோளை, என்று சொன்னேன்.

அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். விழுந்த அன்றைக்கு எனக்கு என் தையல் கடையில் ஏதோ எரிச்சல். அவள் என் தோளில் கை வைத்து எதையோ பேசிக்கொண்டே வந்தாள். புழுக்கமாக இருக்கிறது, கையை எடு என்று உதறினேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் மணல் கிடந்தது.

பையை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஐந்து பதினாறு. கேட்டில் அவளிடம் சொல்ல நாலு நாளாக யோசித்து வைத்திருந்த எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

தோளைப் பிடிச்சுக்கோ.